நான் மாற்றிச் சொன்ன பதின்மூன்றாவது வாரம்

நான் ஒரு டி.வி. நாடகத்தின் முடிவை மாற்றிச் சொன்னேன். அதை நம்பிய ஒரு பெண், தன் வீட்டுக்கு வரவிருந்த மூன்று வயதுக் குழந்தையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

தெரிந்தேதான் சொன்னேன். மறதியும் இல்லை, தடுமாற்றமும் இல்லை.

நீங்கள் சிரிக்கலாம். ஒரு நாடகம்... அதன் முடிவு... இதற்கு ஒரு வாக்குமூலமா என்று. நானும் இத்தனை வருடங்களாக அப்படிச் சிரித்துவிட முயன்றுதான் பார்க்கிறேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

அது எண்பதுகளின் கடைசி. கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே வரிசையில் ஐந்து வீடுகள் கொண்ட லைன் வீட்டில் குடியிருந்தோம். ஐந்துக்கும் பொதுவாக ஒரு குழாய். என் கணவருக்கு ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப் அடிக்கும் வேலை. மற்ற நான்கு வீட்டுப் பெண்களும் ஒரே பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஐந்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டி.வி. இருந்தது.

அந்த டி.வி.யால் எனக்கு ஒரு மதிப்பு கிடைத்தது. அதை நான் எவ்வளவு விரும்பினேன் தெரியுமா! கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவளை நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்தார்கள். என் படிப்புக்கு மிச்சம் இருந்த ஒரே வேலை, நாடகம் பார்ப்பது.

என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது, இன்னும் இருக்கிறது. வரும் வாரம் என்னென்ன நிகழ்ச்சி என்று டி.வி.யில் சொல்லும்போது ஓடிப்போய் அதில் குறித்துக்கொள்வேன். புதிய தொடர் தொடங்கப்போகிறது என்றால் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்குவேன். மூன்றாவது வாரம் முடிந்ததும் 'இது இப்படித்தான் முடியும்' என்று அந்தப் பக்கத்தில் எழுதிவைப்பேன். தொடர் முடியும் பதின்மூன்றாவது வாரம் சரிபார்ப்பேன். பெரும்பாலும் என் கணிப்பு தப்பாது.

முடிவு என்றால் எனக்குப் பித்து. கடைசிக் காட்சியில் எல்லோரும் வரிசையாக நின்று சிரிக்க, சிரித்தபடியே படம் உறைந்து, மேலே பெயர்கள் ஓடுமே... அந்த மாதிரி முடிவுகளை அடியோடு வெறுத்தேன். நல்ல முடிவு என்பது பார்க்கும் வரை தெரியக் கூடாது. பார்த்த பிறகு, இதைத் தவிர வேறெப்படியும் முடிந்திருக்க முடியாது என்று தோன்ற வேண்டும். இதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருந்தேன். எவ்வளவு கர்வம்!

எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை ஏழரை மணிக்கு நாடகம். கம்பெனியில் வேலை நீண்டு யாராவது அதைத் தவறவிட்டால், புதன்கிழமை காலை குழாயடியில் நான் கதை சொல்ல வேண்டும். தண்ணீர் நூல் மாதிரி வரும். ஒரு குடம் நிரம்பக் கால் மணி நேரம் ஆகும். நான்கு குடம் நிரம்புவதற்குள் நான் ஒரு வாரக் கதையை முடித்துவிடுவேன். குரலை மாற்றி மாற்றிப் பேசுவேன். ஒரு வரி விட மாட்டேன்.

"அம்மிணி சொல்லிக் கேட்டாப் போதுமுங்க. நேர்ல பாத்தாட்டத்தான்" என்பார் மாராக்கா.

மாராத்தாள் என்பது முழுப் பெயர். அடுத்த வீடு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கம்பெனியில் செக்கிங் வேலை: தைத்து வரும் துணியை விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் ஒதுக்கி, பிசிறு நூலை வெட்டி அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்தார். குழந்தை இல்லை.

எனக்கு இருந்தது. வித்யா. அப்போது பதினோரு மாதம்.

ஒரு தாய் இதை எழுதலாமா என்று தெரியவில்லை... என் குழந்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நான் நம்பினேன். மாலை ஐந்து மணியானால் அழத் தொடங்குவாள். பால் போதவில்லையோ? வயிற்று வலியோ? நான் தூக்குவதில் ஏதாவது தவறா? மூன்று டாக்டர்களிடம் காட்டினோம். மூவரும் ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்றால் குற்றம் என் கைகளில்தானே!

ஆறு மணிக்கு மாராக்கா கம்பெனியிலிருந்து வருவார். கைகால் கழுவிவிட்டு வந்து, "குடுங்க அம்மிணி" என்று கையை நீட்டுவார். அவ்வளவுதான். அழுகை நின்றுவிடும். அவர் சேலை முழுக்கப் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வித்யா கிடப்பாள்.

நான் நிம்மதியாகச் சமைப்பேன். நிம்மதியாக நாடகம் பார்ப்பேன். செவ்வாய்க்கிழமைகளில் என் மடியில் நோட்டு இருக்கும். என் குழந்தை அவர் மடியில் இருப்பாள்.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொடரின் பெயர் வேண்டாம். கதை இதுதான்: மங்களம் என்ற ஆஸ்பத்திரி ஆயா, யாரோ விட்டுப்போன பெண் குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். பத்தாவது வாரம் பெற்றவள் வசதியோடு வந்து நிற்கிறாள். கோர்ட்டுக்குப் போகிறார்கள். குழந்தை யாருக்கு?

எங்கள் லைன் முழுவதும் மங்களத்தின் பக்கம். நான் மட்டும் மூன்றாவது வாரமே நோட்டில், 'குழந்தை பெற்றவளிடம் போகும். மங்களம் தனியாக நிற்பாள்' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்தும் காட்டினேன்.

"அட, வாயக் கழுவுங்க!" என்று கத்தினாள் ருக்குமணி. மூன்றாவது வீட்டுக்காரி, ஓவர்லாக் டெய்லர், வாய் ஓயாதவள். "அந்த மங்களத்துகிட்ட இருந்து புள்ளையப் புடுங்குனா, நானே மெட்ராசுக்குப் பஸ் ஏறிப் போயி நாடகக்காரன ரெண்டு வெப்பனாக்கும்."

மாராக்கா மட்டும் சிரிக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். அவர் தங்கை மடத்துக்குளத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டு, மஞ்சள் காமாலையில் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மூன்று வயதில் ஒரு பெண், சுமதி. தங்கை வீட்டுக்காரர் மறுகல்யாணம் செய்யப்போகிறார். வருகிறவள் எப்படியோ என்று, "நீங்க வெச்சுக்கறீங்களா?" என்று மாராக்காவைக் கேட்டிருந்தார்.

ஆசைப்படாமல் இருப்பாரா! ஆனால் பயந்தார். வளர்ந்தபின் அப்பன் வந்து கேட்டால்? விவரம் தெரிந்தபின் அந்தப் பெண்ணே, 'நீ யாரு எனக்கு?' என்று கேட்டுவிட்டால்? அவர் வீட்டுக்காரரோ, "உன்ற இஷ்டம்" என்பதற்கு மேல் பேசமாட்டார்.

பன்னிரண்டாவது வாரம் முடிந்ததும் வித்யாவைத் தட்டிக்கொடுத்தபடியே மாராக்கா சொன்னார்: "வெள்ளிக்கெழம மாப்பளை பதில் கேட்டுப்போட்டுப் போக வர்றாருங்க. இந்த மங்களத்துக்கு என்ன ஆவுதுன்னு பாத்துப்போட்டுச் சொல்லிக்கறனுங்க."

"ஏனக்கா, நாடகத்தப் பாத்தா குடும்பம் நடத்தப்போற?" என்றாள் ருக்குமணி.

"வேற யாரைக் கேக்கறதாமா? எனக்கு எடுத்துச் சொல்ல ஆரு இருக்கறா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. சின்ன விஷயம்தான்... அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல என்னால் இன்றும் முடியவில்லை.

வித்யாவுக்கு இலேசாகக் காய்ச்சல். என் இடுப்பில் இருந்தாள். குழாயடியில் நின்ற மாராக்காவைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டித் தாவினாள். தாவிக்கொண்டே, வாயைத் திறந்து, தெளிவாக...

"ம்மா!"

அதுவரை அவள் அந்தச் சொல்லை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் சொன்னதில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். ருக்குமணி சொன்னாள்: "பெத்தது ஆருன்னே தெரியலையே! அம்மிணி, நீங்க டி.வி.யப் பெத்துப்போட்டீங்க. புள்ளைய அக்கா பெத்துருச்சு."

நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டபோது என் பற்கள் கிட்டித்திருந்தன.

செவ்வாய்க்கிழமை. பதின்மூன்றாவது வாரம். காலையிலேயே மாராக்கா வாசலில் வந்து நின்றார்.

"இன்னைக்கு ஷிப்மென்ட்டுங்க அம்மிணி. முடிச்சாத்தான் எங்க நாலு பேரையும் உடுவாங்களாம். ஒம்பது மணி ஆயிருமாட்ட இருக்குது."

"கடைசி வாரத்துல பாத்தா வரோணும் இந்த ஷிப்மென்ட்டு? ஏத்தற கப்பல் முழுகிப்போவ!" என்று பின்னாலிருந்து ருக்குமணி குரல் கொடுத்தாள்.

மாராக்கா மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணு உடாமப் பாத்து வெய்யுங்க அம்மிணி. இந்த முடிவு எனக்கு ரொம்ப வேணுமுங்க."

மாலை ஐந்து மணிக்கு வித்யா அழத் தொடங்கினாள். ஆறாயிற்று. மாராக்கா வரவில்லை. ஏழாயிற்று. என் கணவரும் இன்னும் வரவில்லை. தோளில் போட்டேன், தொட்டிலில் போட்டேன், பாட்டுப் பாடினேன். நிறுத்தவில்லை. ஏழரைக்கு அவளை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டு டி.வி. முன் உட்கார்ந்தேன். என் மடியிலேயே இருந்துகொண்டு, உடம்பை முறுக்கி, வாசலைப் பார்த்துக் கதறினாள். என்னைப் பார்க்கவே இல்லை!

டி.வி.யில் நீதிபதியின் அறை. ஒரு பக்கம் பெற்றவள், கையில் பெரிய பொம்மை. இன்னொரு பக்கம் பெஞ்சில் மங்களம், வெறுங்கை. குழந்தை மெல்ல நடந்து பெற்றவளிடம் போகிறது. பொம்மையை வாங்கிக்கொள்கிறது. மங்களம் தலையைக் குனிந்துகொள்கிறாள். நான் எழுதியபடியேதான் என்று நினைத்தேன். அப்போது அந்தக் குழந்தை திரும்பியது. பொம்மையைத் தூக்கிக்கொண்டு அறையைக் கடந்து வந்து, அதை மங்களத்தின் மடியில் வைத்துவிட்டு, தன் தலையையும் அங்கேயே சாய்த்துக்கொண்டது. வசனம் இல்லை. இசை இல்லை. அதோடு முடிந்தது.

என் ஆயுளில் நான் பார்த்த மிக நல்ல முடிவு அதுதான். இன்றுவரை அதைப்போல இன்னொன்றைப் பார்க்கவில்லை. அழும் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு, நோட்டை எடுத்து, என் கணிப்பை அடித்துவிட்டு, உண்மையான முடிவை ஒரே மூச்சில் எழுதினேன்.

எழுதி முடித்ததும்தான் உறைத்தது. அந்த அறையில் பொம்மையில்லாத கைகளோடு நின்றவள் ஒருத்தி இருந்தாளே, பெற்றவள்... கேமரா அவளைக் காட்டவே இல்லை. யாருக்கும் அவளைப் பற்றிக் கவலை இல்லை. நாளை இதை நான் சொன்னால் லைனே கைதட்டும். மாராக்கா அழுவார், சிரிப்பார், வெள்ளிக்கிழமை அந்தக் குழந்தையை வாங்கிக்கொள்வார்.

என் மகள் வாசல் படியைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை. குடங்கள் வரிசையில் இருந்தன. மாராக்காவின் கண்கள் சிவந்திருந்தன. வந்தவுடன் கையை நீட்டினார். வித்யா தாவிப் போனாள். இடுப்பில் என் குழந்தையை வைத்துக்கொண்டு, "சொல்லுங்க அம்மிணி" என்றார்.

அந்த நிமிடம் வரை என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது... இல்லை, இந்த வரி பொய். தெரியும். முகம் கழுவும்போதே அந்த வசனம் எனக்குக் கிடைத்துவிட்டது.

நீதிபதியின் அறையை அப்படியே சொன்னேன். பொம்மையைச் சொன்னேன். குழந்தை நடந்து போனதைச் சொன்னேன். "பொம்மையை வாங்கிக்கிட்டா. பெத்தவ கையைப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பேரும் காரில் ஏறிப் போயிட்டாங்க."



"போறப்ப அந்தப் புள்ளை திரும்பிக்கூடப் பாக்கலீங்களா?" என்று கேட்டார் மாராக்கா.

துணியில் ஓட்டை தேடும் கண்களல்லவா! சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டார். உண்மையைச் சொல்ல அந்த ஒரு கேள்வி போதும். 'பார்த்தாள்' என்று ஒரு சொல் சொன்னால் போதும்!

"இல்லக்கா. பார்க்கவே இல்ல" என்றேன். பிறகு மங்களத்தின் குரலில், தொண்டையைத் தாழ்த்தி, அந்த வசனத்தைச் சொன்னேன்: "என் வயித்துல இருந்து வந்திருந்தா, திரும்பிப் பாத்திருப்பா."

அது நாடகத்தில் இல்லை. நான் எழுதியது. என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே வசனம். ருக்குமணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.  அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

மாராக்கா வித்யாவை என்னிடம் கொடுத்தார். அவளை வாங்கக் கை நீட்டியதுபோல் அல்ல; ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல், இரண்டு கைகளாலும், கவனமாக.

"அதுதானுங்க நெசம்" என்றார். "நாடகக்காரன் தெரிஞ்சுதான் எழுதியிருக்கறான்."

புதன், வியாழன். இரண்டு முழு நாட்கள் எனக்கு இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று மட்டும் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை அந்த மனிதர் பதில் கேட்க மட்டும் வரவில்லை. குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்! புது கவுன், எண்ணெய் வழிய வாரிய தலை, கையில் ஒரு முறுக்கு. பக்கத்தில் அதன் துணிகள் அடங்கிய ஒரு மஞ்சள் பை. வாசல்படியில் உட்கார்ந்து முறுக்கைத் தின்னாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் என் வீட்டு ஜன்னலில் நின்றேன். ஐந்தடி தூரம்கூட இல்லை.

"வேண்டாமுங்க மாப்பளை" என்றார் மாராக்கா. "வளத்திப்போட்டு அப்பறம் அழுவறதுக்கு எனக்குச் சீவன் இல்லீங்க."

"ஏனுங்க இப்படிச் சொல்றீங்க? உங்க தங்கச்சி புள்ளைங்க. உங்க ரத்தமில்லீங்களா?"

"ரத்தந்தானுங்க... ஆனாலும் என் வயித்துல இருந்து வந்திருந்தாத்தானுங்க திரும்பிப் பாக்கும்."

என் வசனம்! நான் முகம் கழுவும்போது எழுதிய வசனம், அந்தக் குழந்தையின் தலைக்கு மேலே, அவர் வாயிலிருந்து வந்தது.

அப்போதாவது ஓடியிருக்கலாம். வாசலைத் தாண்டி, 'அக்கா, நான் சொன்னது பொய்' என்று கத்தியிருக்கலாம். கால் ஏன் நகரவில்லை? வெட்கமா? பயமா? என் இடுப்பில் வித்யா இருந்தாள். அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மாராக்கா அந்தக் குழந்தையைத் தூக்கவில்லை. தொடக்கூட இல்லை. தொட்டால் விட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த மனிதர் பையை எடுத்துக்கொண்டு குழந்தையின் கையைப் பிடித்து நடந்தார். சந்து திரும்பும் இடத்தில் அது திரும்பிப் பார்த்தது.

நான் பார்த்தேன். மாராக்கா அதற்குள் கதவைச் சாத்தியிருந்தார்.

ஏன் செய்தேன்? முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம், கணிப்பு தவறிய வெட்கம். பிறகு, என் முடிவுதான் கலையழகோடு இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் நிற்கவில்லை. எது நல்ல முடிவு என்று என் நோட்டிலேயே என் கையெழுத்தில் இருந்ததே! பிறகு பொறாமை என்றேன். பெற்ற வயிற்றின் எரிச்சல் என்றேன். பொறாமை என்று சொன்னால் கேட்பவர்கள் கொஞ்சம் இரங்குவார்கள் அல்லவா?

ஆனால் இதைவிட அற்பமான ஒன்று அடியில் இருக்கிறது. சுமதி வந்துவிட்டால் மாராக்காவின் மடி நிரம்பிவிடும். மாலையில் கையை நீட்டி வர அவருக்கு நேரம் இருக்காது. செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு என் குழந்தையை யார் வைத்துக்கொள்வார்கள்? அவர் தாயாகவும் கூடாது. என் வேலைக்கு இல்லாமலும் போகக் கூடாது. இரண்டையும் ஒரே வசனத்தில் சாதித்தேன்.

சாதித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நான் நினைத்ததெல்லாம் நடந்தது! தண்டனை எதுவும் வரவில்லை. மாராக்கா மறுநாள் மாலையே வந்து கையை நீட்டினார். அதன் பிறகு எத்தனையோ மாலைகள் என் மகளை அவர்தான் பார்த்துக்கொண்டார். நடை பழக்கினார். அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் படுத்துக் கிடந்தார். நான் பதின்மூன்று வாரத் தொடர்கள் எத்தனையோ பார்த்து முடித்தேன்.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. வித்யா அவரை 'ம்மா' என்று கூப்பிட்டால், அவள் முகவாயைப் பிடித்து என் பக்கம் திருப்புவார். "நானில்ல கண்ணு. அம்மா அங்க இருக்குது பாரு. அங்க பாத்துச் சொல்லு." சலிக்காமல், ஒவ்வொரு முறையும். என் மகள் என்னை அம்மா என்று அழைக்கக் கற்றது இப்படித்தான்.

மூன்று வருடம் கழித்து மாராக்கா ஒருமுறை மடத்துக்குளம் போய்வந்தார். அந்த மனிதர் மறுகல்யாணம் முடிந்து ஊரைவிட்டே போயிருந்தார். எங்கே என்று சொல்வாரில்லை. குழந்தையை யாரோ தூரத்து உறவில் விட்டுவிட்டதாக ஒருவர் சொன்னாராம். இல்லை, கூடத்தான் கூட்டிப்போனார் என்று இன்னொருவர். திரும்பி வந்து, "செரி, விதிச்சது அவ்வளவுதானுங்க" என்றார். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் கலர் டி.வி. கேபிளும் வந்துவிட்டது. மாராக்காவுக்கு முழங்கால் வலி, கம்பெனிக்குப் போவதில்லை. மூட்டையாகத் துணி வாங்கி வந்து, பிற்பகலில் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, டி.வி. பார்த்தபடி பிசிறு வெட்டுகிறார்.

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள், வரும் வார நிகழ்ச்சிகளைச் சொன்னார்கள். பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தேன். திங்கள் முதல் பிற்பகலில், மறு ஒளிபரப்பு... அந்தத் தொடரின் பெயரைச் சொன்னார்கள்.

பேனா கையிலேயே நின்றுவிட்டது.

"அட, நம்ம மங்களமுங்க!" என்றார் மாராக்கா.

நாளுக்கு ஒரு பகுதி. பதின்மூன்று நாட்கள். வேறு சானலில் படம் போடுகிறான் என்றேன். "இருக்கட்டுமுங்க அம்மிணி, இதையே பாக்கலாமுங்க" என்றார். தலைவலி என்றேன். சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தார். 

பதின்மூன்றாம் நாள், அவர் வருவதற்கு முன், டி.வி.யின் பின்னால் கையை விட்டு ஒயரை உருவிவிட்டேன். "கேபிள் போயிருச்சுக்கா" என்றேன். அப்படியா என்று உட்கார்ந்து கத்தரியை எடுத்தார். நான் மூச்சு விட்டேன்.

"அம்மா, ஒயர் கழண்டிருக்குது!" என்றாள் வித்யா. ஆறு வயது. பின்னால் புகுந்து அதைச் செருகிவிட்டு, படம் வந்ததும் கைதட்டிக்கொண்டு ஓடிவந்து மாராக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நீதிபதியின் அறை. பொம்மை. குழந்தை நடந்தது. வாங்கியது.

திரும்பியது.

கத்தரியின் சத்தம் நின்றது. பொம்மை மங்களத்தின் மடிக்கு வந்தது. தலை சாய்ந்தது. பெயர்கள் ஓடி, அடுத்து ஏதோ சோப்பு விளம்பரம் வந்தது. மாராக்கா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மடியில் விரித்த துணி அப்படியே கிடந்தது.

பிறகு சொன்னார்: "அன்னைக்கு நீங்க பாக்கறப்ப வேற மாதிரி போட்டிருப்பாங்களாட்ட இருக்குதுங்க அம்மிணி."

கேள்வி இல்லை அது. எனக்காக அவர் திறந்து பிடித்த ஒரு கதவு. அந்த வழியாக உண்மை வரலாம், பொய்யும் வரலாம். இந்தமுறை எனக்குக் கால அவகாசம் இருந்தது. அடுப்படி அமைதியாக இருந்தது. எந்தக் குழந்தையும் அழவில்லை.

"ஆமாங்கக்கா" என்றேன். "இப்ப மாத்திப் போட்டிருக்காங்க."

தலையை ஆட்டினார். கத்தரியை எடுத்துப் பிசிறு வெட்டத் தொடங்கினார். ஐந்து மணிக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு, "வர்றனுங்க" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டுப் போனார்.

இதை ஏன் அவரிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அந்த நாற்பது பக்க நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில்தான் இதை எழுதுகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அதில் நான் எதுவும் எழுதவில்லை; அன்று எழுதிய உண்மையான முடிவுக்கு அடுத்த பக்கத்திலிருந்து தொடங்கினேன். நோட்டு எப்போதும் டி.வி. மேல்தான் கிடக்கிறது. மாராக்கா அதைத் தினமும் பார்க்கிறார். துடைத்தும் வைக்கிறார்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்குத் தெரியுமோ, தெரியாதோ? நம்பிவிட்டாரோ? முகத்தில் ஒன்றும் இல்லை. அதே நேரத்துக்கு வருகிறார். அதே இடத்தில் உட்காருகிறார். புதிதாக என்ன நாடகம் வரப்போகிறது என்று கேட்கிறார். நானும் சொல்கிறேன்.

ஆனால், கோயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய் ஒருநாள் நாடகத்தைத் தவறவிட்டால், மறுநாள் வந்து துணியை விரித்துக்கொண்டு, "நேத்து என்ன ஆச்சு, சொல்லு கண்ணு" என்று வித்யாவைக் கேட்கிறார்.

வித்யாவுக்குப் பாதிதான் நினைவிருக்கும். அந்தப் பாதியையும் முன்பின்னாகக் குழப்புவாள். பெயர்களை மாற்றிவிடுவாள். நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். அவள் திரும்பி வரும்வரை மாராக்கா காத்திருக்கிறார்.

நான் பக்கத்திலேயே நிற்கிறேன். என்னைக் கேட்பதில்லை.